நான் நடத்திய சுற்றிவளைப்பு

என் நண்பர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்த வாடகை வீட்டை விட்டு, புறநகரான கர்க்லாண்டில் உள்ள மகன் வீட்டின் நிலக்கீழ் அறைக்குப் போனார். போக அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. மகன் கட்டாயப்படுத்திக் கொண்டுபோனான் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னதால் போனார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். மகனும் டாக்டரும் நான் சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது அப்படிச் சொல்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பொய்யையும், அதற்கு முன் நான் செய்த காரியத்தையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் போர் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நான் மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டேன். வரலாறு படிக்க வந்தேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்க உள்நாட்டுப் போர். அடிமைகளை வைத்திருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தென்மாநிலங்கள் பிரிந்துபோய், வடமாநிலங்களோடு நான்கு ஆண்டுகள் நடத்திய போர் அது. அதில் எனக்குப் பிடித்த பகுதி பெருஞ்சமர்கள் அல்ல, திடீர்த் தாக்குதல்கள். ஒரு சிறு குதிரைப்படை எதிரியின் பின்புறத்தில் எங்கோ தோன்றும். தண்டவாளத்தைப் பிடுங்கும், பாலத்தைக் கொளுத்தும், களஞ்சியத்தைச் சூறையாடும், படை வந்து சேர்வதற்குள் மறைந்துவிடும். வரைபடத்தில் அவர்கள் போன வழியைச் சிவப்புப் பென்சிலால் கீறும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆய்வேட்டை முடிக்கவில்லை. கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பிறகு அதைத் தொடவே இல்லை. சங்கத்தில் என்னைப் 'புரொபெசர்' என்று கூப்பிடுவது பாதி மரியாதை, பாதி நக்கல்.

எங்கள் சனம் அகதிகளாக வரத் தொடங்கியபோது அவர்களுடைய விசாரணைகளில் மொழிபெயர்க்கப் போனேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவர்கள் அப்போது இங்கே குறைவு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் கதையில் சுற்றிவளைப்பு வரும். விடியற்காலையில் இராணுவம் ஊரைச் சுற்றி வளைக்கும். ஆண்களை எல்லாம் கோயில் வீதிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ வரச் சொல்லி வரிசையாக இருத்தும். முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து முன்னால் நடத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை லொறியில் ஏற்றுவார்கள். நான் இதை எத்தனையோ தடவை, எத்தனையோ பேருடைய வாயால் கேட்டு, அதிகாரிகளுக்குச் சுத்தமான பிரெஞ்சில் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்து, கீழே இறங்கிக் கோப்பி குடித்துவிட்டு நூலகத்துக்குத் திரும்புவேன்.

நண்பரை அந்த நாட்களில் எனக்குத் தெரியாது. அவர் வந்து துணித் தொழிற்சாலையில் வேலைசெய்து, ஓய்வுபெற்று, மனைவியை இழந்த பின்னர்தான் சங்கத்துக்கு வரத் தொடங்கினார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் மனேச்சராக இருந்தவர். என்னைவிடச் சில வயது இளையவர். இருவரும் தனிக்கட்டைகள் என்பதால் சீக்கிரம் நெருங்கிவிட்டோம். அவருடைய வீடு இரண்டாம் மாடியில், தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டோடு இருந்தது. பனிக்காலத்தில் அந்தப் படியில் உப்புப் போடுவது, கடைக்குப் போய் மீன் பார்த்து வாங்குவது, பார்க் மெட்ரோவுக்கு நடப்பது என்று எல்லாவற்றையும் தானே செய்தார். மகன் கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கியிருந்தான். ஒவ்வொரு ஆண்டும் கூப்பிடுவான்.

"அங்கை போய் என்ன செய்யிறது?" என்பார் நண்பர். "ரெண்டு நாள் நிண்டனான். தெருவிலை நாய்தான் நடக்குது. நாயைப் பிடிச்சுக்கொண்டு மனுசர் பின்னாலை போகினம். ஒரு கடையும் இல்லை. சாகிறதுக்கு முதலே அமைதி எனக்கு வேண்டாம்."

அந்த வீட்டில் தனியாக இருப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய விருப்பம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பொய் சொன்னேன்.

சங்கத்தின் மூத்தோர் பிரிவை நடத்துகிறவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலைபார்த்தவர். கோடையில் எங்களை எங்காவது கூட்டிப்போவார். அந்த ஆண்டு பழைய மொன்ட்ரியாலைப் பார்க்கப் போவோம், நான் வழிகாட்டுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒரு கதை சொல்ல இருந்தது.

அந்தக் கதை உண்மையில் நடந்தது. அமெரிக்கப் போரின் கடைசிக் காலத்தில் தென்மாநிலப் படையினர் இருபது பேர் அளவில் கனடாவிலிருந்து எல்லையைக் கடந்து வெர்மாண்டில் ஒரு சிற்றூருக்குப் போனார்கள். சாதாரணப் பயணிகள் போல விடுதிகளில் தங்கினார்கள். ஒரு நாள் பிற்பகல் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வங்கிகளைக் கொள்ளையடித்தார்கள். தெருவில் நின்ற ஊராரை எல்லாம் நடுவில் இருந்த புல்வெளிக்குத் துரத்தி அங்கே காவலில் வைத்தார்கள். ஊருக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள், அது சரியாகப் பிடிக்கவில்லை. குதிரைகளைத் திருடி ஏறிக் கனடாவுக்குத் திரும்பி ஓடினார்கள். இங்கே பிடிபட்டார்கள். வழக்கு மொன்ட்ரியாலில் நடந்தது. நீதிபதி அவர்களை விடுவித்தார்.

சாம்ப்-டு-மார்ஸ் மெட்ரோவில் இறங்கி மேலே ஏறினால் பழைய நீதிமன்றத்தின் பின்பக்கம் தெரியும். அதற்கும் மெட்ரோவுக்கும் இடையில் அகலமான புல்வெளி. முன்பு படைகள் அணிவகுத்த இடம். நிழல் குறைவு. அன்று நல்ல வெயில். நான் கொண்டுவந்திருந்த துவாயை நனைத்துத் தலையில் போட்டு, முகத்தின் இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன்.

நின்றபடி கதை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் கதையை நடித்துக் காட்டுவோம் என்றேன்.

"நீங்கள் எல்லாரும் ஊர்ச்சனம். எங்களிட்டைப் பிடிபட்டிட்டியள். வரிசையாய்ப் புல்லிலை இருங்கோ."

"புரொபெசர், இருக்கிறது சுகம். பேந்து எழுப்பிறதுக்குக் கிரேன் கொண்டுவந்தனீங்களோ?" என்றார் ஓர் அம்மா.

"கைதியள் கதைக்கக்கூடாது."

"கைதிக்கு றோல்ஸ் எண்டாலும் குடுப்பினமோ? பையிலை கிடந்து அவியுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்து, முனகி, வரிசையாக உட்கார்ந்தார்கள். சிலர் உட்கார முன் கொஞ்சம் தயங்கினார்கள். முழங்கால் வலி என்று நினைத்தேன். இரண்டு ஆண்களிடம் குடையைக் கொடுத்து, இது துப்பாக்கி, நீங்கள் காவல் என்றேன். அவர்களில் ஒருவர் குடையை வாங்கிப் புல்லில் வைத்துவிட்டார். மற்றவர் தோளில் சாய்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அதற்கும் சிரிப்பு.

அடுத்தது முழுக்க என் சொந்தச் சேர்க்கை. விடுதியில் தங்கி ஊரை நோட்டம் பார்த்தவர்களில் ஒருவன் வங்கிக் காசாளரைக் கூட்டத்தில் அடையாளம் காட்டினான் என்று சொன்னேன். அப்படி நான் எங்கும் படித்ததில்லை. கதைக்கு ஒரு திருப்பம் வேண்டியிருந்தது. நானே அந்த ஆளாக மாறி, ஒன்றும் பேசாமல் வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்தேன். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, குனிந்து பார்த்து, இல்லை என்று தலையசைத்தேன். என் நண்பருக்கு முன்னால் வந்ததும் அசையாமல் நின்றேன். சங்கக்கடை மனேச்சர், காசாளருக்குப் பொருத்தம் என்று நினைத்துத்தான் அவரைத் தெரிந்தெடுத்திருந்தேன். அவரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினேன்.

அவர் எழுந்தார். யாருடைய கையையும் பிடிக்காமல், ஒரே மூச்சில் எழுந்தார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உடம்பிலிருந்து எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுவந்து, சட்டையைக் கயிறு போல முறுக்கி என் பக்கம் நீட்டினார். கட்டுவதற்கு வசதியாக.

"பாருங்கோ, என்னமாய் நடிக்கிறார்!" என்றார் றோல்ஸ் கேட்ட அம்மா. இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "சட்டை ஏன் காணும் கழட்டினீர்? நீர் காசாளர். பெட்டகத் திறப்பைத் தந்தால் போதும்," என்றேன்.

அவர் திரும்பவில்லை. அவருடைய முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. கைதட்டல் நின்றது. வரிசையில் இருந்த ஆண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காவலுக்கு நின்றவர் குடையைத் தோளிலிருந்து இறக்கினார்.

எங்களைக் கூட்டிவந்த மட்டக்களப்புக்காரர்தான் எழுந்து ஓடி வந்தார். முதலில் என்னிடம் வந்தார்.

"தலையில கிடக்கிற துணிய எடுங்க. எடுங்க முதல்ல!"

நானாக எடுக்கும் வரை அவர் பொறுக்கவில்லை. துவாயைப் பிடித்து இழுத்துப் புல்லில் எறிந்தார். பிறகு நண்பருடைய முன்பக்கமாகப் போய், கொஞ்சம் தள்ளி நின்று பேசினார். "அண்ணன், இது மொன்ட்ரியால். நான் நிக்கிறன். ஒருத்தரும் இல்ல இங்க. சட்டையப் போடுவமா?" அதையே பல தடவை, தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் சொன்னார். நண்பர் கடைசியில் கைகளை முன்னால் கொண்டுவந்தார். சட்டை கசங்கிப் போயிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, பொத்தானைப் பூட்ட முடியாமல் நின்றார்.

அவருக்கு மயக்கம் வரும்போல இருந்ததால் மகனுக்குப் போன் எடுத்தார்கள். போனை நான் வாங்கினேன். நானே நெருங்கிய சிநேகிதன், நானே பேச வேண்டியவன் என்று எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள்.

"அங்கிள், என்ன நடந்தது? அப்பா ஓகேயா?"

"பயப்பிடாதையும். வெயில். கொஞ்சம் குழம்பிப்போனார்."

"குழம்பிறது எண்டால்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெரிய பேச்சு ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்தப் புல்வெளியில் அத்தனை பேர் என் முகத்தைப் பார்க்காமல் நிற்கும்போது, இன்னொரு ஆளும் என்னைப் பற்றி அப்படி நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கை நிக்கிறம் எண்டு விளங்கேல்லைப் போலை கிடக்கு. திடீரெண்டு எழும்பிச் சட்டையைக் கழட்டிப்போட்டார். காரணம் ஒண்டும் இல்லை," என்றேன்.

போனை வைத்ததும் மட்டக்களப்புக்காரர் என்னைப் பார்த்தார். "அப்பிடியா நடந்த?"

"பேந்து கதைப்பம்."

"கதைக்கவேண்டியது என்னோட இல்ல. அந்தப் பிள்ளையோட. உங்கட வாயாலதான் அது வரணும்," என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. என் சார்பில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மகன் நல்ல பிள்ளை. கவனமான பிள்ளை. நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே டாக்டரிடம் சொன்னான். காரணமில்லாமல் பொது இடத்தில் உடுப்பைக் கழற்றும் வயோதிபர் என்றால் டாக்டர்களுக்கு ஒரு வரிசைக் கேள்விகள் உண்டு. நண்பர் அவற்றில் பலவற்றுக்குப் பதில் சொல்லவில்லை. நினைவு மங்கும் நோயின் தொடக்கமாக இருக்கலாம், தனியாக விடக்கூடாது என்றார்கள். முதலில் அடுப்புக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு மெட்ரோவில் தனியாகப் போகக்கூடாது என்றானது. குளிர் முடியும் காலத்தில், வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மகன் வீட்டுக்காரருக்கு அறிவித்தான். இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூன் கடைசியோடு முடியும். ஜூலை முதலாம் நாள் நகரமே கட்டிலையும் குளிர்சாதனப் பெட்டியையும் படிக்கட்டால் இறக்கிக்கொண்டிருக்கும். இந்த முறை அந்தக் கூட்டத்தில் நண்பருடைய பெட்டிகளும் இருக்கப்போகின்றன என்று தெரிந்ததும் நான் அவரைப் பார்க்கப் போனேன். அது வரை போகவில்லை. போனில் சுகம் கேட்டதோடு சரி.

வீட்டில் சுவர்கள் வெறுமையாக இருந்தன. அடுப்பு மூட்ட அவருக்கு அனுமதி இல்லை என்பதால் மின்கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அவருடைய பேச்சில் எந்தக் குழப்பமும் இல்லை.

"டாக்டர் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"மேசைக்கு அங்காலை ஒருத்தன் இருந்துகொண்டு, பேர் என்ன, இண்டைக்கு என்ன நாள், இது என்ன இடம் எண்டு கேட்டால் எனக்கு வாய் எழும்பாது. அங்கையும் இதைத்தான் கேட்டவங்கள். சரியாய்ச் சொன்னாலும் அடி, பிழையாய்ச் சொன்னாலும் அடி. சும்மா இருந்தால் கொஞ்சம் குறைவு."

அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மகன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். அவருடைய சட்டையாலேயே கையைப் பின்னால் கட்டி லொறியில் ஏற்றினார்கள். பல மாதம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வெளிநாடு போக வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றது அதற்குப் பிறகுதான்.

நான் மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டுக்காரரோடு பேசிப் பார்க்கலாம் என்றேன்.

"சொல்லாதையும்."

"ஏன் காணும்? உமக்கு மறதி வருத்தம் ஒண்டும் இல்லை எண்டு மகனுக்குத் தெரியவேண்டாமோ?"

"அவனுக்கு இது ஒண்டும் தெரியாது. தாயும் சொல்லேல்லை. நான் அவனுக்குத் தகப்பன். சட்டை இல்லாமல் லொறியிலை ஏறின ஆள் இல்லை. வயது போனதிலை மறதி எண்டு நினைச்சால் நினைக்கட்டும். அது எல்லாத் தகப்பன்மாருக்கும் வாறதுதானே."

நான் மேலும் வற்புறுத்தவில்லை. அவருடைய விருப்பத்தை மதிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதுதான் உண்மை. இனி நான் சொல்லத் தேவையில்லை; சொல்லவேண்டாம் என்று கேட்டவர் அவர்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு அவராகவே கேட்டார். "அந்தப் புல்லிலை இருத்தின சனத்தைப் பேந்து என்ன செய்தவங்கள்?"

"விட்டுட்டு ஓடிட்டாங்கள். ஒருத்தர் சூடுபட்டுச் செத்தவர்."

"இங்கை வழக்கிலை அந்தச் சனத்தை ஆரும் கேட்டவையோ?"

சாட்சி சொல்லச் சிலர் வந்தார்கள், ஆனால் வழக்கு அவர்களைப் பற்றியது அல்ல என்றேன். கொள்ளையா, போர்ச் செயலா, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதைப் பற்றித்தான் வாதம் போனது. விடுதலை செய்தபோது மொன்ட்ரியால்காரர் பலர் ஆரவாரம் செய்தார்கள்.

"அந்தச் சண்டை எதுக்கு? அதை நீர் சொல்லேல்லை."

"அடிமையளை வைச்சிருக்கிறதுக்கு."

"அதை ஏன் சொல்லேல்லை?"

அன்று சொல்ல மறந்துபோனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மறக்கவில்லை. அதைச் சொன்னால் குதிரைவீரர்கள் மீது கேட்பவர்களுக்கு மனம் ஒட்டாது. கதையின் ஓட்டம் கெட்டுவிடும். அதனால் விட்டேன். அதையே அவரிடம் சொன்னேன். பிறகு, என் ஆய்வில் நான் ஒரு அடிக்குறிப்பாக மட்டும் வைத்திருந்த ஒன்றையும் சொன்னேன். தென்மாநிலப் படை ஒரு கோடையில் வடக்கே பென்சில்வேனியாவுக்குள் புகுந்தபோது, மாட்டையும் தானியத்தையும் மட்டும் கொண்டுபோகவில்லை. அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவரைத் தேடிப் பிடித்தார்கள். தப்பி வந்தவர், அங்கேயே சுதந்திரமாகப் பிறந்தவர் என்று பார்க்கவில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் கட்டித் தெற்கே நடத்திக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்தப் படையெடுப்பு வழியை நான் எத்தனையோ தடவை சிவப்புப் பென்சிலால் கீறியிருக்கிறேன். திரும்பிப் போன கோட்டில் அவர்களும் நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோட்டை வேறு நிறத்தில் கீற எனக்குத் தோன்றவில்லை.

"எல்லாத் தாக்குதலும் அப்பிடியோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். வடக்குப் படை ஒரு தடவை படகுகளில் ஆற்றில் ஏறிப்போய்ப் பண்ணைகளைத் தாக்கியதைச் சொன்னேன். வழிகாட்டியவர் முன்பு அடிமையாக இருந்து தப்பிய ஒரு பெண். படகுச் சத்தம் கேட்டதும் வயல்களில் நின்ற அடிமைகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடி வந்தார்கள். ஒரு பெண் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஆவி பறக்கப் பறக்க வந்தாளாம்.

 "சோத்துப் பானைக் கதையைச் சொல்லியிருக்கலாமே, ஐசே," என்றார் நண்பர்.

ஜூலையில் அவர் போய்விட்டார். நான் பெட்டி தூக்கப் போகவில்லை.

சங்கத்தில் அவருடைய கதிரையில் வேறு ஒருவர் உட்காரத் தொடங்கினார். கர்க்லாண்டுக்கு நான் போனபோது இலைகள் உதிரத் தொடங்கியிருந்தன. மெட்ரோவில் போய், பஸ் எடுத்து, பிறகு இன்னொரு பஸ் எடுத்து, நீளமான தெருவில் நடந்து மகன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மகன் வீட்டிலிருந்து வேலைசெய்கிறான். சந்தோசமாக வரவேற்றான். நண்பர் கீழே ஒரு நல்ல அறையில், பெரிய தொலைக்காட்சிக்கு முன்னால், வெளியே போகிறவர் போல நீளக் காற்சட்டையும் சட்டையும் போட்டபடி உட்கார்ந்திருந்தார். மேசையில் மாத்திரைப் பெட்டி.

"வெளியிலை நடக்கிறேல்லையோ?"

"பின்னேரம் மருமகள் வந்தால் கூட்டிக்கொண்டு போவா. தனியப் போனால் கதவிலை மணி அடிக்கும். பாரும், அதிலை ஒரு பெட்டி பூட்டி இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நல்லாய்ப் பாக்கினம். குறை சொல்ல ஒண்டும் இல்லை."

சொல்லாதையும் என்று அவர் கேட்டதை மீறாமல் இதை எப்படிச் சரிசெய்வது என்று பல மாதம் யோசித்திருந்தேன். சுற்றிவளைப்பைப் பற்றிச் சொல்லாமல் உண்மையைச் சொல்ல முடியாது என்றே நினைத்திருந்தேன். அன்று அவர் அந்தப் பெட்டியைக் காட்டியபோதுதான், என் பங்கை மட்டும் சொன்னால் போதும் என்று பட்டது. மேலே போனேன். மகன் குசினியில் அடுப்பருகே நின்றான்.

"நான் உமக்கு ஒரு பொய் சொன்னனான். சாம்ப்-டு-மார்ஸிலை உம்மடை அப்பா குழம்பேல்லை. நாடகம் போட்டனாங்கள். நான்தான் அவரைக் கைதியாக்கினனான். சட்டையைக் கழட்டச் சொன்னதும் நான்தான்."

"வாட்?"

"நான் சொல்லித்தான் கழட்டினவர். எல்லாருக்கும் முன்னாலை. சனம் சிரிச்சது. அவர் கூனிக்குறுகிப்போனார், அதுதான் நடுங்கினவர். வெயில் இல்லை, வருத்தம் இல்லை. எனக்கு வெக்கமாய் இருந்தது, அதாலை உமக்கு அப்பிடிச் சொன்னனான்."

அவனுடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். அவன் கத்தவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, தமிழில் சொல்ல முயன்றான்.

"அங்கிள், நான் டொக்டருக்கு... நீங்கள் சொன்னதைத்தான் நான் சொன்னனான். எல்லாரிட்டையும். அவரிட்டைக் கேட்டால் அவர் ஒண்டும் சொல்லேல்லை. அப்பாவின்ரை வீட்டை நான்... அந்த வீட்டிலை இப்ப வேற ஆக்கள்."

"தெரியும்."

"ஒரு வருசம்! ஏன் அப்பவே சொல்லேல்லை?"

அவன் கதவைப் பார்த்தான். போகச் சொல்கிறான் என்று விளங்கியது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது நண்பர் படியேறி மேலே வந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டார்.

"இவரைப் பஸ்சிலை ஏத்திப்போட்டு வாறன்," என்றார் மகனிடம்.

மகன் வாயைத் திறந்தான். பிறகு போய், கதவில் இருந்த பெட்டியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். நாங்கள் வெளியே வந்தபோது மணி அடிக்கவில்லை.

பஸ் தரிப்பிடம் வரை அவர் எனக்கு முன்னால் போனார். சுறுசுறுப்பாக நடந்தார், என்னால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை.

"சட்டையைக் கழட்டச் சொன்னனான் எண்டு சொன்னனீர்," என்றார் கடைசியில்.

"ஓம்."

"நீர் சொல்லேல்லையே."

"சொன்ன மாதிரித்தானே."

அதை அவர் யோசித்துப் பார்த்தார்.

இதை ஒரு நாள் எழுதலாமா என்று கேட்டேன். மகனிடம் மறைத்ததையும் சேர்த்து. "பேரைப் போடாமல் எழுதும். அவன் தமிழ் வாசிக்கமாட்டான்," என்றார். பிறகு, "வாசிக்கப் பழகினான் எண்டால் வாசிக்கட்டும்," என்று சேர்த்துக்கொண்டார்.

தெருமுனையில் பஸ் திரும்பியது.

"இனி இங்கை வராதையும்," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்கவேண்டிய வார்த்தைதான்.

"அவன் உம்மைப் பாத்தால் கோவப்படுவான். வாறதெண்டால் நான் வாறன்."

பஸ்ஸில் ஏறி ஜன்னலால் பார்த்தேன். அவர் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

மகன் டாக்டரோடு திரும்பவும் பேசியிருக்கிறான் என்று மட்டக்களப்புக்காரர் சொன்னார். இந்த முறை தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து, மேசை இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்களாம். மருந்து குறைந்திருக்கிறது. வாடகைகள் ஏறிவிட்டதால் அந்தத் தெருவில் இனி அவருக்கு வீடு கிடைக்காது. அது போனது போனதுதான். ஆனால் இப்போது தனியாகப் பஸ் எடுத்து, மெட்ரோ மாறி, பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வருகிறார். மீன் வாங்கிக்கொண்டு போகிறார். கோயிலில் கண்டதாகச் சிலர் சொன்னார்கள்.

என் வீடு மெட்ரோவிலிருந்து அவ்வளவு தூரமில்லை. அவர் இன்னும் வரவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.